தனிக்கழுந்து

நாம் நாள்தோறும் கையாளும் மரப்பொருள்கள் பல. கதவும் சாளரமும், நாற்காலியும் மேசையும், கட்டிலும் தொட்டிலும் இல்லாத வீடு அரிது. இவற்றுள் ஒன்றேனும் ஒரே மரத்துண்டால் ஆனதன்று. பல துண்டுகள் கூடியே ஒரு பொருளாக நிற்கின்றன. அவை கூடும் இடத்தை மூட்டு என்கிறோம். மரம் எத்துணை உயர்ந்ததாயினும் மூட்டுத் தளர்ந்தால் பொருள் ஆடும். ஆடும் பொருள் நாளடைவில் வீழும். நாற்காலி முறிந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் முறிந்தது அதன் காலன்று. காலும் சட்டமும் சேருமிடமே ஆகும். ஆதலால், ஒரு தச்சரின் திறத்தை அறிய விரும்புவோர் அவர் இழைத்த பலகையின் வழவழப்பைத் தடவிப் பார்ப்பதோடு அமையாது, அவர் செய்த மூட்டையும் உற்று நோக்குதல் வேண்டும்.

மூட்டு வகை பலவற்றுள் தலையாயது, கழுந்தும் துளையும் கூடிய மூட்டு. ஒரு சட்டத்தின் முனையைச் சுற்றிலும் செதுக்கி, நடுவில் நாக்குப்போல ஒரு பகுதியை நீட்டி நிற்கச் செய்வர். அந்நீட்சியே கழுந்து. மற்றொரு மரத்தில் அதன் அளவுக்கேற்ற துளையை உளியால் எடுப்பர். கழுந்து துளையினுள் புகும்; அதன் அடியில் சுற்றிலும் உள்ள தட்டையான பகுதி மற்ற மரத்தின்மேல் அழுந்தி நிற்கும். அழுந்தும் அப்பகுதிக்குத் தோள் என்று பெயர். நம் உடம்பில் தோள் சுமையைத் தாங்குவது போலவே, மரத்தின் தோளும் மூட்டு ஆடாதவாறு தாங்குகிறது. பெயரிட்டவர்கள் பொருளறிந்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

இம்மூட்டில் கழுந்து என்பது சட்டத்தின் சொந்த உறுப்பு. அதிலிருந்தே பிறந்தது, அதனோடு ஒட்டியே நிற்பது. ஆனால், இவ்வாறன்றி வேறொரு முறையும் உண்டு. சேர வேண்டிய இரு மரங்களிலும் துளையே எடுப்பர். எதிலும் கழுந்து செதுக்கமாட்டார்கள். மூன்றாவதாக ஒரு சிறு துண்டை அளவாக இழைத்து, அதன் ஒரு பாதியை ஒரு துளையிலும் மறுபாதியை மறு துளையிலும் செலுத்துவர். அத்துண்டு இரண்டு மரங்களுக்கும் பொதுவானது, இரண்டிலும் பிறவாதது. இதனைத் தனிக்கழுந்து என வழங்குவோம். தனித்துச் செய்யப்படுவதால் தனிக்கழுந்தே அன்றித் தளர்ந்து கிடப்பதால் அன்று. நன்கு செய்யப்பட்ட தனிக்கழுந்து, உடன்பிறந்த கழுந்துக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று. அதனை எங்கள் வீட்டுத் தொட்டில் ஒன்றின் வாயிலாக நான் விளங்க அறிந்தேன்.

எங்கள் வீட்டில் தேக்கு மரத்தொட்டில் ஒன்று உண்டு. நானும் என் உடன்பிறந்தாரும் அதில் துயின்றோம். என் மக்கள் மூவரும் துயின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் என் இளைய மகள் தலைப்பேற்றிற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். தன் குழந்தையும் அத்தொட்டிலிலேயே வளர வேண்டும் என்பது அவள் ஆசை. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தபோது, நீளச் சட்டங்களுள் ஒன்று ஒரு காலிலிருந்து பிரிந்து தொங்கியது. மழைநீர் கசிந்த சுவரை ஒட்டிக் கிடந்ததால், அம்மூலையில் கழுந்து இற்று, தோளோடு முறிந்து போயிருந்தது. முறிந்த முனை காலின் துளைக்குள்ளேயே தங்கிவிட்டது.

"புதுத்தொட்டில் வாங்கிவிடலாமே" என்றார்கள் வீட்டார் சிலர். புதுச்சட்டம் போடலாம் என்றனர் வேறு சிலர். ஆனால், அச்சட்டத்தின் வெளிமுகத்தில் பழந்தச்சர் ஒருவர் செதுக்கிய கொடியும் கிளியும் இருந்தன. கிளியின் மூக்கைப் பிடித்து எழுந்து நின்றே எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் நிற்கப் பழகினார்கள். அதனை எறிய ஒருவருக்கும் மனம் வரவில்லை. எங்கள் ஊர்த் தச்சரை அழைத்தேன்.

அவர் தொட்டிலைச் சுற்றி வந்தார். பிரிந்த முனையை விரலால் நெருடினார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, இந்தச் சட்டத்திலேயே புதிதாகக் கழுந்து எடுத்தால் என்ன ஆகும், சொல்லுங்கள்" என்றார். நான் அளவுகோலை எடுத்துக் கணக்கிட்டேன். இரு தோள்களுக்கு இடையே சட்டத்தின் நீளம் 36 அங்குலம். பழைய கழுந்தின் நீளம் ஒன்றரை அங்குலம். சட்டத்திலேயே புதுக்கழுந்து செதுக்கினால் அதன் நீளம் முப்பத்துநான்கரை அங்குலமாகக் குறையும். எதிர்ச்சட்டமோ 36 அங்குலமாகவே இருக்கும். "தொட்டில் கோணிவிடும்" என்றேன். "அதுதான்! சட்டம் குறையக்கூடாது, கழுந்தும் வேண்டும். அப்படியானால் கழுந்தை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்" என்றார் அவர்.

பின்னர் அவர் செய்த வேலையை அருகிருந்து நோக்கினேன். பழைய மூட்டுகள் வச்சிரத்தால் ஒட்டப்பட்டவை. வச்சிரம் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசையாதலின், வெப்பமும் ஈரமும் பட்டால் இளகும். வெந்நீரில் நனைத்த துணியால் மறுமுனை மூட்டைப் பலமுறை ஒற்றி, மெல்ல அசைத்துச் சட்டத்தைக் கழற்றினார். காலின் துளையில் தங்கிய இற்ற மரத்தை உளியால் எடுத்துத் தூய்மை செய்தார். அத்துளை அரை அங்குல அகலமும், இரண்டு அங்குல உயரமும், ஒன்றரை அங்குல ஆழமும் உடையது. சட்டத்தின் கனமோ ஒன்றரை அங்குலம். "கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அதற்கு மிகுந்தால் துளையின் சுவர் மெலியும். குறைந்தால் கழுந்து மெலியும். பழையவர் கணக்குச் சரியாக இருக்கிறது" என்று வியந்தார்.

அடுத்து, சட்டத்தின் முறிந்த முனையைத் தோள் இருந்த கோட்டிலேயே மூலைமட்டம் வைத்து நேராக அறுத்தார். நேராக அறுபட்ட அம்முனையே இனித் தோளாகும். தனிக்கழுந்து மூட்டில் தோளை வேறாகச் செதுக்க வேண்டுவதில்லை. பின்பு சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டி, அதன் தலையில் துளையின் எல்லையைக் குறித்தார். குறிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு என் உள்ளத்தில் பதிந்தது. காலிலும் சட்டத்திலும் வெளிமுகம் எது என்று முதலில் அடையாளமிட்டார். இரண்டு துளைகளையும் அவ்வெளிமுகத்திலிருந்தே அளந்தார். ஒன்றை வெளிமுகத்திலிருந்தும் மற்றொன்றை உள்முகத்திலிருந்தும் அளந்தால், மரத்தின் கனத்தில் உள்ள சிறு வேறுபாடும் மூட்டில் பிழையாக வந்து சேரும். சட்டம் ஒரு பக்கம் துருத்தி நிற்கும். ஒரே முகத்திலிருந்து அளந்தால் அப்பிழைக்கு இடமில்லை. துரப்பணத்தால் வரிசையாகத் துளையிட்டு, இடையில் நின்ற மரத்தை உளியால் நீக்கி, இரண்டு அங்குல ஆழத்திற்குத் துளை எடுத்தார்.

இனிக் கழுந்து. பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த தேக்கு நிலையின் துண்டைத் தம் பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். "பல ஆண்டு காய்ந்த மரம், இனிச் சுருங்காது" என்றார். பச்சை மரத்தில் செய்த கழுந்து உலரும்போது சுருங்கி மூட்டைத் தளர்த்தும். மரம் தன் நீளவாக்கில் மிகச் சிறிதே நீளும், குறுகும். குறுக்குவாக்கிலோ மழைக்காலத்தில் பருக்கும், கோடையில் சுருங்கும். இவ்வியல்பை மறந்து செய்த வேலை ஓராண்டிற்குள் தன் குறையைக் காட்டிவிடும்.

அவ்வேளையில் என் மனைவி வந்து, "ஆசாரியாரே, பச்சைக் குழந்தையைக் கிடத்தும் தொட்டில் இது. வேறு மரத்தை நடுவில் செருகி ஒட்டினால் தாங்குமா? நள்ளிரவில் விட்டுவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டாள். தாயுள்ளம் கேட்கும் கேள்வி அது. அதற்கு வாய்ச்சொல் விடையாகாது என்பதைத் தச்சர் அறிந்திருந்தார். ஒரே பலகையிலிருந்து கால் அங்குலக் கனத்தில் இரண்டு சிறு துண்டுகளை அறுத்தெடுத்தார். ஒன்றில் மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடின. மற்றொன்றில் குறுக்காக ஓடின. "அம்மா, இரண்டையும் முறித்துப் பாருங்கள்" என்று கொடுத்தார். குறுக்கு நாருடைய துண்டு அவள் கையில் அப்பளம்போல் முறிந்தது. மற்றதை அவளும் மகளும் மாறி மாறி முயன்றும் முறிக்க இயலவில்லை.

"மரம் ஒன்றுதான், வலிமைதான் வேறு. கழுந்தில் நார்கள் இந்தக் காலிலிருந்து அந்தச் சட்டத்திற்கு நேராக ஓடினால் அது பாலம். குறுக்காக ஓடினால் அது வெறும் அடைப்பு. சட்டத்தோடு பிறந்த கழுந்தின் வலிமைக்கும் இந்த நார் ஓட்டம்தான் காரணம், பிறப்பு மட்டும் காரணமில்லை" என்றார் அவர். என் மனைவி முறிந்த துண்டையும் முறியாத துண்டையும் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்தாள். பின் ஒன்றும் சொல்லாமல் அவருக்கு மோர் கொண்டுவரப் போனாள்.

கழுந்தை அவர் இழைத்த முறையிலும் நுட்பம் இருந்தது. இரு துளைகளின் ஆழத்தையும் கூட்டினால் மூன்றரை அங்குலம். கழுந்தின் நீளத்தை அதனினும் அரைக்கால் அங்குலம் குறைத்தார். கழுந்தின் முனை துளையின் அடியில் முட்டினால் தோள் வந்து அழுந்தாது. மூட்டில் இடைவெளி தோன்றும். மிகுந்த பசை ஒதுங்கவும் இடம் வேண்டுமன்றோ? கழுந்தின் பக்கத்தில் நூல்போல ஒரு பள்ளமும் இட்டார். உள்ளே அகப்பட்ட காற்றும் பசையும் அவ்வழியே வெளியேறும். வழியில்லையெனில் அவை கழுந்தைத் திருப்பித் தள்ளும். பின்னர்க் கழுந்தைத் துளையில் வைத்துக் கையாலேயே அழுத்தினார். அது மெல்லச் சென்று அமர்ந்தது. சட்டத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார்; கழுந்து விழவில்லை. "கொட்டாப்புளியால் அடித்துத்தான் இறங்கும் என்றால் துளை பிளக்கும், தானே விழும் என்றால் பசை தாங்காது. கையின் அழுத்தத்திற்கு இறங்கி, கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும்" என்று அளவு சொன்னார். வெள்ளைப் பசையைத் துளையின் சுவர்களிலும் கழுந்தின் கன்னங்களிலும் தடவி, மூட்டைச் சேர்த்து, சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றினுள் ஒரு கோலைச் செருகி முறுக்கி இறுக்கினார். ஒருநாள் முழுதும் அதனைத் தொடலாகாது என்று சொல்லிச் சென்றார்.

மறுநாள் மாலை கயிற்றை அவிழ்த்தபின், 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தொட்டிலில் கிடத்தி, இரவு முழுதும் விட்டுவைக்கச் சொன்னார். விடிந்து பார்த்தபோது மூட்டின் கோடு மயிரிழையும் விலகவில்லை. அடுத்த திங்களில் என் பெயர்த்தி அதில் துயின்றாள். தொட்டில் ஆடியது, மூட்டு ஆடவில்லை.

முறிந்ததைச் சீர்செய்வதற்கு மட்டுமே தனிக்கழுந்து பயன்படும் என்று எண்ணிவிடலாகாது. அது மிகத் தொன்மையானது, பெரும்பொறுப்புகளைச் சுமந்தது. மத்தியதரைக் கடலைச் சூழ வாழ்ந்த பண்டை மக்கள் தங்கள் மரக்கலங்களையே இம்மூட்டால் கட்டினார்கள். துருக்கியின் தென்கரையை அடுத்த உலுபுருன் முனையருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் 1982-இல் பழங்கலம் ஒன்றைக் கண்டார். ஆராய்ந்தோர் அது கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்று கணித்தனர். தேவதாரு வகை மரத்தால் ஆன அதன் பலகைகள், கடினமான ஓக் மரத்துத் தனிக்கழுந்துகளால் இணைக்கப்பட்டிருந்தன. சைப்பிரசுத் தீவின் வடகரையில் கைரீனியா அருகே 1965-இல் கண்டறியப்பட்ட மற்றொரு வாணிகக் கலம், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள அதுவும் இவ்வாறே அமைந்தது.

அக்கலங்களில் பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளைகள் எடுத்து, எதிர்ப்பலகையின் விளிம்பிலும் அவற்றுக்கு நேராகத் துளைகள் எடுத்தனர். ஒவ்வொரு துளையிலும் தனிக்கழுந்து ஒன்றைச் செருகிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினர். பின்னர்ப் பலகையின் முகத்திலிருந்து துளையிட்டு, மர முளை அடித்துக் கழுந்து நழுவாமல் பூட்டினர். முதலில் ஓடு, அதன் பின்னரே உள்ளே விலாக்கட்டைகள். ஆகவே, அலையின் வலிமையை எதிர்த்து நின்றவை கண்ணுக்குத் தெரியாமல் பலகைகளுக்குள் கிடந்த அச்சிறு துண்டுகளே என்னலாம்.

உரோம நாட்டில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேட்டோ என்பார், தாம் எழுதிய வேளாண்மை நூலில், பலகைகளைச் சேர்க்கும் ஒரு மூட்டைப் பியூனிக்க மூட்டு என்று குறிக்கிறார். அது இந்தத் தனிக்கழுந்து மூட்டே என்பர் அறிஞர். பியூனிக்கர் என்பது கார்த்தேஜ் நகரத்தாரைக் குறிக்கும். கார்த்தேஜை அழித்தே தீர வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தியவர் இந்தக் கேட்டோ. அவர் எண்ணியவாறே கி.மு. 146-இல் உரோமர் அந்நகரை அழித்தனர். ஆனால், பகைவரின் பெயர் பகைவரது நூலிலேயே ஒரு மூட்டின் பெயராக நின்றுவிட்டது. பிரித்தழிக்க நினைத்தவரின் ஏட்டில் இணைக்கும் தொழிலின் பெயராக அது வாழ்வது எண்ணி மகிழத்தக்கது. இன்றோ, இரு மரங்களிலும் ஒரே அளவான துளையை நொடியில் எடுக்கும் மின்பொறிகள் வந்துள்ளன. அவற்றுக்கேற்ற கழுந்துகளும் கடையில் கிடைக்கின்றன. கருவி புதிது, கருத்துப் பழையதே.

தமிழ் பயின்ற எனக்கு இம்மூட்டைக் கண்டபோது இலக்கணத்தின் புணர்ச்சி நினைவுக்கு வந்தது. கடல் என்பதும் அலை என்பதும் சேர்ந்தால் கடலலை ஆகிறது. கடல் என்னும் சொல்லின் ஈற்றிலுள்ள லகர மெய், வருமொழியின் முதலிலுள்ள அகர உயிரைத் தானே ஏற்றுக்கொள்கிறது. இங்கே மூன்றாவது ஒன்று தேவையில்லை. இது சட்டத்தோடு பிறந்த கழுந்து போன்றது. ஆனால், மரம் என்பதோடு ஐ உருபைச் சேர்த்து மரமை என்று எவரும் சொல்வதில்லை; மரத்தை என்கிறோம். மகர மெய் கெட, அத்து என்னும் சாரியை இடையில் வந்து நிற்கிறது. புளியும் காயும் சேரும்போது அம் என்னும் சாரியை தோன்றிப் புளியங்காய் என்றாகிறது. பல என்பதோடு ஐ சேரும்போது அற்று வந்து பலவற்றை என்றாகிறது. சாரியை நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று. தனக்கெனப் பொருளும் உடையதன்று. ஆயினும், அதனை நீக்கிவிட்டால் சொல் தமிழர் நாவில் நில்லாது. மொழித்தச்சர் செய்த தனிக்கழுந்து சாரியை என்றால் அது மிகையாகாது.

மாணவர்களே! இரண்டு பொருள்களை இணைப்பதற்கு அவற்றுள் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், இடை நின்று இணைக்க முன்வருவது எதுவாயினும் அதற்குச் சில கடமைகள் உண்டு. இருபுறமும் ஒரே முகத்திலிருந்து அளத்தல் வேண்டும்; அஃதே நடுவுநிலைமை. தன் நார் இருபுறமும் நேரே ஓடுதல் வேண்டும், அஃதே நேர்மை. இறுக்கத்தால் பிளக்காமலும் தளர்ச்சியால் நழுவாமலும் பொருந்துதல் வேண்டும், அஃதே பண்பு. இருவர் பிணக்கைத் தீர்த்து வைக்கும் முதியவரும், ஒரு மொழியின் செல்வத்தை மற்றொரு மொழியில் தரும் மொழிபெயர்ப்பாளரும் இக்கடமைகளை உடையவரே.

பள்ளியில் நீங்கள் அமர்ந்திருக்கும் விசிப்பலகையின் மூலையை ஒருமுறை குனிந்து பாருங்கள். இரு மரங்கள் கூடும் மெல்லிய கோடு மட்டுமே புலப்படும். உள்ளே இருப்பது உடன்பிறந்த கழுந்தோ தனிக்கழுந்தோ, வெளியிலிருந்து அறிதல் அரிது. ஆனால், பலகை ஆடாமல் நிற்கிறதெனின், ஒருவர் அதனைச் சரியாக அளந்து, சரியாகப் பொருத்தியிருக்கிறார் என்பது உறுதி. நல்ல மூட்டின் பெருமை அது மறைந்து நிற்பதிலேயே இருக்கிறது.